மாஸ்க் எலிகளுக்காக

செப்டம்பர் 23, திங்கள்

தன்விகா தூங்கிவிட்டாள். மூச்சில் விசில் இல்லை. முதுகில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். பெர்மனன்ட் ஆகப்போகிறவர்களில் நானும் இருக்கிறேன். எங்கள் கம்பெனியில் சோதனை எலிகள் வளரும் விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை டாக்டர் வைஜெயந்தி மேடமே கூப்பிட்டுச் சொன்னார். "சுபா, உன் பேரை நாந்தான் குடுத்தேன். உன் கையில எலி கத்தறதே இல்ல." எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, மூன்று வருஷமாக கான்ட்ராக்டில் எலிகளை எடை பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேனில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. நவம்பர் பதினெட்டு. ரத்தம், கண், அப்புறம் ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்வார்கள். நெஞ்சில் எவ்வளவு காற்று போய் வருகிறது என்று மெஷின் சொல்லிவிடும்.

போன வருஷம் பூங்கோதை அக்கா ஊதினார். மெஷின் என்ன சொன்னதோ, மறுநாளே அவரை எலி அறையிலிருந்து லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். "உங்க நல்லதுக்குத்தான்." மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் இல்லை. ஏசி ஒத்துக்கொள்ளாத சளி மட்டும்.

செப்டம்பர் 27, வெள்ளி

வீட்டில் புருஷனைக் கூப்பிடுவது மாமா என்று. இங்கேயாவது பேர் சொல்லி எழுதலாம். சம்பத்துக்கு இந்த மாதமும் நைட் ஷிப்ட்தான். நான் வேனிலிருந்து இறங்குவதற்கும் அவர் பவுண்டரிக்கு வண்டி எடுப்பதற்கும் நடுவில் பத்து நிமிஷம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு குழந்தை, ஒரு சாவி, இரண்டு சண்டை கை மாறும்.

இன்றைய சண்டை பவுண்டரியில் இரும்பு வார்க்கும் அச்சு மண்ணைப் பற்றி. காலையில் வரும்போது காது மடலுக்குப் பின்னால்கூடக் கறுப்பு மண் ஒட்டியிருக்கிறது. அந்த உடம்போடு படுத்த பாயில்தான் ராத்திரி குழந்தையும் படுக்கிறாள். நேற்று மூன்று முறை இருமி எழுந்தாள்.

"வெளி பாத்ரூம்ல குளிச்சிட்டு உள்ள வாங்க மாமா. துணியையும் அங்கயே போட்டுருங்க."

"லைன் வீட்டுக்காரங்க அத்தனை பேரு முன்னாடியும் துண்டோட வரச் சொல்றியா?"

"உங்க பொண்ணு நெஞ்சுக்காக வரச் சொல்றேன்."

வண்டியை உதைத்தார். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக்குள் தூசியைக் கொண்டுவருவது அவர்தானே. நான் போகிற இடத்தில் காற்றையே வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். குளித்து, உடை மாற்றி, தலைக்கு உறை, காலுக்கு உறை, கைக்கு இரண்டு உறை. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

மணிக்கட்டில் கோடு மாதிரி ஒரு தடிப்பு, சாட்டையால் அடித்த மாதிரி. வாட்ச் ஸ்ட்ராப் ஒத்துக்கொள்ளவில்லை போல. நாளையிலிருந்து வாட்ச் வேண்டாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

வாட்ச் கட்டவில்லை. தடிப்பு இருக்கிறது. எலியைத் தூக்கும்போது வால் அங்கேதான் சுற்றும்.

தண்ணீர் மாறியிருக்கும்.

அக்டோபர் 4, வெள்ளி

நேற்று சாயங்காலத்திலிருந்தே இழுப்பு. விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழும்பியது. இன்று லீவு போட்டுக் குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிப்போனோம். வீசிங் என்றார். நீல நிறத்தில் ஒரு இன்ஹேலர், அதை மாட்ட பிளாஸ்டிக் குடுவை, குடுவையின் முனையில் குட்டி மாஸ்க். இழுப்பு வந்தால் மட்டும் இரண்டு முறை அடிக்க வேண்டும்.

"வீட்டுல நாய், பூனை வளக்கறீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"அப்பா என்ன வேலை?"

"பவுண்டரிங்க" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். சம்பத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க?"

"லேப்ல டெக்னீஷியன்."

மைக்ராஸ்கோப், கண்ணாடிக் குழாய் என்று நினைத்திருப்பார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

முக்கு மெடிக்கல் ஷாப்பின் வயதான ஜாபர் அண்ணன் இன்ஹேலரை எப்படிக் குலுக்குவது, எப்படி அடிப்பது என்று நின்று சொல்லிக்கொடுத்தார். "இருநூறு தடவை வரும்மா. கொழந்தைக்கு ஆறு மாசம் தாங்கும்" என்றார்.

அக்டோபர் 9, புதன்

புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு நான்தான் தமிழில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். சிலைடுகளைத் தமிழாக்கியதும் நான்தான். எலியின் மூத்திரத்திலும் எச்சிலிலும் முடியிலும் இருக்கிற புரதம் காய்ந்து தூசியாகும். முதலில் தும்மல், கண் அரிப்பு, தோல் தடிப்பு. அப்புறம் நெஞ்சு. அறிகுறி வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஐந்தாவது சிலைடு. மனப்பாடமாக ஒப்பித்தேன்.

"அக்கா, மாஸ்க் போட்டா நமக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்று ஒரு பெண் கேட்டாள்.

கடைசி பெஞ்சிலிருந்து யேசுதாஸ் அண்ணன் சிரித்தார். கூண்டு கழுவுகிறவர், இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டதிலிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். "கண்ணு, அந்த நீல மாஸ்க் நமக்குன்னா நெனச்சே? நம்ம சளி எலிக்கு ஒட்டக் கூடாதுன்னு போடறது. எலி செத்தா ரிப்போர்ட் எழுதோணும். நாம செத்தா லீவு லெட்டர் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது தும்மலில் போய் முடிந்தது. ஒன்று, இரண்டு, அடுக்கடுக்காக.

"டீச்சருக்கே அஞ்சாம் சிலைடா?" என்றார் யேசுதாஸ் அண்ணன்.

"ஏசிண்ணா."

"எனக்கும் ஏசிதான். பதினோரு வருசமா ஏசி" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். வாங்கி விழுங்கினேன்.

அவர் சொன்னது உண்மைதான். உள்ளே நுழையும்போது குளியல் கட்டாயம். வெளியே வரும்போது கட்டாயம் இல்லை. எலிகளுக்கு நம்மிடமிருந்து எதுவும் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. எலி இல்லாத இடத்துக்கு அழுக்குப் பக்கம் என்று பெயர். பழைய கூண்டுகள் வந்து குவியும் இடம். அங்கே வந்ததும் எல்லோருமே மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொள்வோம். நான் என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அங்கே ஆணியில் மாட்டியிருப்பேன். எடை பார்த்து முடித்து வந்ததும் போட்டுக்கொள்வேன். அவ்வளவு குளிர்.

அக்டோபர் 12, சனி

தன்விகா என் ஸ்வெட்டர் இல்லாமல் தூங்கமாட்டேன் என்கிறாள். கையை வாயில் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கையை மூக்கோடு அழுத்திக்கொண்டால்தான் கண் சொருகுகிறது. "அம்மா வாசம்" என்கிறாள். இரண்டரை வயதுக்குப் பேச்சைப் பார்.

பகல் முழுவதும் விட்டுவிட்டுப் போகிற குற்ற உணர்ச்சி எனக்கு அதில் கொஞ்சம் கரைகிறது. என்னை முழுதாகத் தர முடியாவிட்டாலும் என் வாசத்தையாவது தருகிறேன்.

இன்றும் இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது. பாயை மாற்றிவிட்டேன். சம்பத்துக்குத் தனிப் பாய்.

அக்டோபர் 16, புதன்

இன்ஹேலரை நானே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான்.

வேலை செய்கிறது. மாடிப்படி ஏறி ரொம்ப நாளாக இப்படி மூச்சு விட்டதில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

பதினொன்றரை மணிக்கு சம்பத் போன் பண்ணினார். அவர் தூங்கும் நேரத்துக்குக் குழந்தையை விடுகிற க்ரீச்சிலிருந்து கூப்பிட்டு, குழந்தை இருமுகிறாள், மருந்தைக் கொண்டுவரச் சொன்னார்களாம். "இன்ஹேலர் எங்க வெச்சே? ஷெல்பு பூரா கொட்டித் தேடிட்டேன்."

அது என் சாப்பாட்டுப் பையில், எலுமிச்சைச் சாத டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அவசரத்துல என் பைக்குள்ள வந்துருச்சுங்க மாமா."

"ஒம் பைக்குள்ள எப்படி வரும்?"

"வந்துருச்சுன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். குழந்தைக்கு வெறும் இருமல்தான், தானாக அடங்கிவிட்டது என்று பிற்பாடு சொன்னார். இனி காலையிலேயே வீட்டில் நாலைந்து முறை அடித்துவிட்டு, ஞாபகமாக வைத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் வந்ததும் நாலைந்து. நவம்பர் பதினெட்டு வரைக்கும்தான். பெர்மனன்ட் ஆகிவிட்டால் பிறகு நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டிக்கொள்ளலாம். அப்போது யாரும் வெளியே அனுப்ப முடியாதே.

பதினெட்டாம் தேதி காலை ஊதப் போவதற்கு முன் பாத்ரூமில் வைத்து நாலு முறை அடித்தால் மெஷினுக்கு எதுவும் தெரியாது. யோசித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 25, வெள்ளி

சம்பத் இப்போது வெளி பாத்ரூமில்தான் குளிக்கிறார். எதிர் வீட்டு மணியக்கா, "ஏனுங் தம்பி, வீட்டுக்குள்ள பாத்ரூமு ரிப்பேருங்களா?" என்று கேட்டாராம். "ஆமாங்க்கா, ஒரு மாசமா ரிப்பேரு" என்றாராம். என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

போகும்போது கேட்டார். "பகல்ல எங்கூட நல்லாத்தான் வெளையாடுது. குதிச்சுக்கிட்டு ஓடுது. ராத்திரிக்குத்தான இழுக்குதுங்கற? ராத்திரிக்கு நா எங்க இருக்கேன்?"

"நீங்க படுத்த எடத்துல உங்க தூசி இருக்குதே."

"பாயைத்தான் பிரிச்சுட்டியே."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டிச் சாவியை எடுத்து நீட்டினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு நாலு நாள் லீவு. ஒரு நாள்கூட எழுதவில்லை. எழுத நேரம் இருந்தும் தூங்கினேன். அசந்து, மல்லாந்து, ஒரே தலையணையில். எத்தனை மாதமாயிற்று இப்படிப் படுத்து.

தெரு முழுக்கப் பட்டாசுப் புகை. ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். தன்விகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஓடினாள். ஒரு இருமல் இல்லை. சம்பத் நாலு நாளும் எங்களோடு ஒரே பாயில் படுத்தார்.

வெளுத்துப் போட்டால்தான் தீபாவளி என்று துணி எல்லாவற்றையும் சோப்பில் ஊறவைத்துத் துவைத்தேன். ஸ்வெட்டரையும். "அம்மா வாசம் போச்சு" என்று அழுதாள். அப்புறம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

ஏன் நன்றாக இருந்தாள் என்று யோசிக்கப் போவதில்லை. நன்றாக இருந்தாள், அது போதும். நாளை திங்கட்கிழமை.

நவம்பர் 5, செவ்வாய்

நேற்று ராத்திரி இழுப்பு. இன்றும்.

எனக்கும்.

நவம்பர் 8, வெள்ளி

ஆறு மாத ஆய்வு புதன்கிழமை முடிகிறது. முந்நூறு கூண்டுகளும் காலியாகும். அந்த அறையை அன்றைக்கே ஒழித்துக் கழுவிக் கொடுக்க வேண்டும். மேடம் என் பெயரையும் யேசுதாஸ் அண்ணன் பெயரையும் போட்டிருக்கிறார். "நீ இருந்தா எனக்குக் கவலையில்ல சுபா."

முடியாது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. மேடம் போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "சரிங்க மேடம்" என்றேன்.

இன்னும் பத்தே நாள்.

நவம்பர் 13, புதன்

ஆஸ்பத்திரியில், கட்டிலின் காலடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் எழுந்து கத்திவிடுவேன் போலிருக்கிறது.

வரிசையாக எழுதுகிறேன்.

மதியத்துக்குள் கடைசி எலியும் போய்விட்டது. எலி போன அறை எப்போதுமே ஒரு மாதிரி இருக்கும். கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி. யேசுதாஸ் அண்ணன் மாஸ்க்கைக் கழற்றிக் குப்பைக் கூடையில் எறிந்தார். "இனி யாருக்குக் கண்ணு இது?" நானும் கழற்றினேன். யோசிக்கவேயில்லை. காக்க வேண்டிய உயிர் எதுவும் அந்த அறையில் இல்லை என்றுதான் மூன்று வருஷப் பழக்கம் சொல்லியது.

கூண்டுக்குள் எலிகளுக்கு மெத்தையாகப் போட்டிருக்கும் மக்காச்சோளச் சக்கைத் தூளைத் தொட்டியில் கொட்ட வேண்டும். ஒரு வாரத்து மூத்திரம் காய்ந்த தூள். கொட்டும்போதெல்லாம் பழுப்பாக ஒரு புகை எழும்பி முகத்தில் அறையும். நாற்பது கூண்டு வரை தும்மினேன். அதற்குப் பின் தும்மல் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ கயிற்றை முறுக்க ஆரம்பித்தார்கள். ஒரு கூண்டு கொட்ட ஒரு முறை சுவரில் சாய்ந்தேன்.

"வெளிய போ" என்றார் யேசுதாஸ் அண்ணன்.

"முடிச்சுட்டுப் போறேண்ணா."

"பேச முடியல உனக்கு. போங்கறேன்!"

அழுக்குப் பக்கத்து வராண்டாவில் உட்கார்ந்தேன். குளிர் அடித்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். வேன் வரும்வரை உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டேன். தலை கழுவவில்லை. வேனைத் தவறவிட்டால் சம்பத்துக்கு ஷிப்ட் போய்விடும்.

வாசலிலேயே தன்விகா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கினேன். என் கழுத்துக்குள், தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்து, மூக்கால் இழுத்து, "அம்மா" என்றாள். அப்படியே தோளில் கிடந்தாள். நான் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டே ஒரு கையால் ஷெல்பில் இன்ஹேலரைத் தேடினேன். எனக்காக.

எனக்காகத்தான் தேடினேன். எடுத்து இரண்டு அடித்தேன். சத்தம் வந்தது, ஆனால் நெஞ்சு திறக்கவில்லை.

அடுப்பில் பால் வைத்துத் திரும்புவதற்குள் அவளுக்கு ஆரம்பித்துவிட்டது. இத்தனை நாள் வந்தது இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. கண் வீங்கி, உதடு வெளுத்து, வயிறு மேலும் கீழுமாக அடித்தது. குடுவையை மாட்டி அடித்தேன். நாலு. ஆறு. ஸ்ஸ் ஸ்ஸ் என்று சத்தம் மட்டும் வந்தது. அவளுக்கு அழக்கூட மூச்சில்லை. அப்போதுதான் ஷிப்டுக்குக் கிளம்பிய சம்பத் தெருமுனை தாண்டியிருக்கவில்லை; மணியக்கா ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்தார்.

பைக்கில் நடுவில் குழந்தை, பின்னால் நான். சிக்னலில் சம்பத் திரும்பிப் பார்க்காமல், "மூச்சு வருதா? மூச்சு வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாருக்கு என்று சொல்லத் தெரியவில்லை. "வருது" என்றேன்.

இப்போது ஆக்சிஜன் போகிறது. முகத்தில் நிறம் வந்துவிட்டது. டியூட்டி டாக்டர் எங்கள் இன்ஹேலரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "இதுல மருந்தே இல்லைங்களே. வெறும் கேஸ்தான் வருது. காலியாகி ரெண்டு மூணு நாள் இருக்கும்."

"போன மாசந்தானுங்க வாங்குனேன்!" என்றார் சம்பத். "ஆறு மாசம் வருமின்னு சொல்லிக் குடுத்தானுங்க டாக்டர்!"

நான் போர்வையை இழுத்துக் குழந்தையின் காலை மூடினேன்.

நவம்பர் 15, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும் வழியிலேயே சம்பத் ஜாபர் அண்ணன் கடை முன் வண்டியை நிறுத்தினார். நான் குழந்தையோடு வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

"காலி டப்பாவ விக்கறியா? எம் புள்ள செத்துருப்பா!"

"சத்தம் போடாதீங்க தம்பி. பெட்டி சீல் ஒடைக்காமத்தான குடுத்தேன். பாப்பாவோட அம்மாவும் பாத்தாங்க. ஏம்மா, நீங்க சொல்லுங்க."

அந்தக் கிழவர் என்னைப் பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் நின்றார்.

நான், "வாங்க மாமா, போலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"போலி மருந்து விக்கறவன்னு போர்டு எழுதி மாட்டறேன் பாரு!" என்று கத்திவிட்டு வந்தார். ஜாபர் அண்ணன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் வரை அந்தக் கடையில் யாரும் ஏறவில்லை என்று பால்கார அம்மா சொன்னார்.

நவம்பர் 17, ஞாயிறு

ஸ்வெட்டரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இரண்டு முடிச்சாகக் கட்டி, முனிசிபாலிட்டி வண்டியில் போட்டேன். தலைக்குச் சீயக்காய் போட்டு மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். சம்பத், "இன்னிக்கு என்ன விசேசம்?" என்றார்.

ஐந்தாவது சிலைடில் ஒரு வரி இருக்கிறது. உடை, தலைமுடி வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் போகலாம் என்று. அதைத் தமிழாக்கியவள் நான். "போகலாம்" என்று போடுவதா, "போகக்கூடும்" என்று போடுவதா என்று அரைமணி நேரம் யோசித்தேன்.

புது இன்ஹேலர் ஷெல்பில் இருக்கிறது. வேறு கடையில் வாங்கியது. நிறைந்திருக்கிறது. நாளை காலை நாலே நாலு போதும். குழந்தைக்கு இன்னும் நூற்றுத் தொண்ணூற்றாறு இருக்கும். எடுத்துக் கையில் வைத்திருந்தேன். திரும்ப வைத்தேன். மறுபடி போய் எடுத்தேன்.

நவம்பர் 18, திங்கள்

எடுத்துக்கொண்டு போகவில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் யேசுதாஸ் அண்ணன். "என்ன கண்ணு, மருந்து போட்டுட்டியா?" என்று கண்ணடித்தார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

நர்ஸ் மூக்கில் கிளிப்பை மாட்டினார். "நல்லா இழுத்து, ஒரே மூச்சா, விடாம, விடாம, இன்னும், இன்னும்..." மூன்று முறை ஊதினேன். ஒவ்வொரு முறையும் முடிவில் சீட்டி அடித்தது. நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டுக் கம்பெனி டாக்டரைக் கூப்பிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"வருஷமாச்சு சார். தடிப்பு அதுக்கும் முன்னாடியே." இந்த நோட்டில்கூட மறைத்ததை என் குரல் சொல்வதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். "வீட்டுக்கும் கொண்டுபோயிட்டேன். ரெண்டரை வயசுக் குழந்தை, போன வாரம் ஆக்சிஜன்ல இருந்தா."

வைஜெயந்தி மேடத்தை வரவழைத்தார்கள். அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. "வகுப்பெடுக்கறதே நீ. சொல்லணும்னு உனக்குத் தெரியாதா சுபா?"

"பூங்கோதை அக்காவுக்குத் தெரிஞ்சப்ப என்ன ஆச்சுங்க மேடம்?"

மேடம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

இனி எலி அறைக்குள்ளோ அழுக்குப் பக்கத்திலோ கால் வைக்கக் கூடாது. நெஞ்சு டாக்டர் பார்த்து எழுதித் தரும்வரை பெர்மனன்ட் பேச்சும் இல்லை. வேறு வேலை உண்டா என்று கேட்டேன். மேடம், "கேக்கறேன். இந்தத் தடவை நானே மேல போய் உக்காந்து கேக்கறேன்" என்றார். கேட்பாரா, கேட்டால் தருவார்களா, தெரியாது.

வெளியே வந்தபோது யேசுதாஸ் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வாயில் குழாயை வைத்திருந்தார். நர்ஸ் "ரெடியா?" என்றார். அவர் என்னைப் பார்த்தார். குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"சிஸ்டர், காலையில இன்ஹேலர் பஃப் அடிச்சுட்டு வந்துட்டேன். இன்னிக்கு ஊதினா மிஷினு பொய் சொல்லும். நாளைக்கு வரட்டுங்களா?"

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் சம்பத் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். வாசல்படியில் வைத்து, ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே. ஸ்வெட்டர், தலைமுடி, இன்ஹேலர், பாத்ரூம் திட்டம், எல்லாம். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று வேகமாகச் சொன்னேன்.

ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மாசமா என்னையக் குத்தவாளி மாதிரி வெளிய நிறுத்தி வெச்சிருந்தே."

"ஆமா மாமா."

"அந்தப் பெரியவரை நான் தெருவுல வெச்சு என்னென்ன பேசுனேன். நீ வண்டியில உக்காந்து கேட்டுட்டிருந்தே."

"ஆமா."

உள்ளே தன்விகா புரண்டு படுத்தாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மறு ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார்.

"உனக்கு இப்ப மூச்சு வருதா?"

"படியேறினா கஷ்டம்."

"மொதல்ல ஆஸ்பத்திரி. பொறவு ஜாபர் கடை. நீதான் பேசோணும். நா பக்கத்துல நிப்பேன், வாயத் தொறக்க மாட்டேன்."

நெஞ்சு டாக்டர் அரைமணி நேரம் பார்த்தார். நேராகக் கடைக்குப் போனோம். பதினோரு மணிக் கூட்டம். நாலைந்து பேர் கவுண்டரில் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். சம்பத் தொண்டையைச் செருமினார். அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு மருந்து காலியாப் போனது உங்க தப்பில்லைங்க. அத்தனையும் நாந்தான் அடிச்சேன். எனக்குத்தான் வியாதி. வீட்டுக்குத் தெரியாம அடிச்சேன். நீங்க கேட்டப்ப, தெரிஞ்சே பேசாம இருந்தேன். எல்லார் முன்னாடியும் நடந்ததால எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

முன்னால் நின்ற அம்மா, நான் பேசி முடிக்கும்வரை சில்லறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ஜாபர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சம்பத்தையும் பார்க்கவில்லை.

"கொழந்தை எப்படியிருக்கு?" என்றார்.

"நல்லாருக்காங்க."

"சீட்டு இருக்கா?"

நீட்டினேன். வாங்கிப் படித்தார். இரண்டு இன்ஹேலர், ஒரு மாத்திரை. அலமாரிப் பக்கம் திரும்பினவர் நின்று, பில் புத்தகத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேஷன்ட் யாரு?"

"நாந்தானுங்க" என்றேன்.